ஈரக்காலைத் தரை தாங்குமா? செட்டிநாட்டு வீடுகளிலும் மண்டபங்களிலும் வழுக்கல் சோதனை செய்யும் முறை

காய்ந்த தரையில் மட்டும் சோதித்துவிட்டு "இந்தத் தளம் வழுக்காது" என்று சான்று எழுதாதீர்கள். இந்த வேலைக்குப் புதிதாக வருபவர் முதலில் மனதில் பதிய வைக்க வேண்டியது இதுதான். கண்ணாடி போன்ற ஆத்தங்குடிக் கல்லும் (சிமென்டில் செய்யும் தரை ஓடு) காய்ந்திருக்கும்போது ரப்பரை நன்றாகவே பிடிக்கும். அதே கல்லில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிச் சோதித்தால் பிடிமானத்தைக் காட்டும் எண் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஆள் விழுவது பெரும்பாலும் அந்த ஈரத்தில்தான். வளவில் (வீட்டின் நடு முற்றப் பகுதி) சாரல் அடித்த ஓரம், பந்தி முடிந்து துடைத்த கூடம், குளித்துவிட்டு ஈரக்காலோடு ஏறும் படி, இப்படிப்பட்ட இடங்கள். எனவே மக்கள் எந்த நிலையில் நடக்கிறார்களோ அந்த நிலையில் தரையைச் சோதிப்பதுதான் சோதனை.

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கம் பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக்கியவர்கள், கல்யாண மண்டபம் நடத்துபவர்கள், தளப் பரிசோதனையைத் தொழிலாகத் தொடங்குபவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இது எழுதப்படுகிறது.

ஏன் வழுக்குகிறது

அம்மியை நினைத்துக்கொள்ளுங்கள். அரைத்து அரைத்து வழவழப்பானால் மிளகாய் மசியாது, கல் கொத்துபவரைக் கூப்பிட்டுக் கொத்த வேண்டியிருக்கும். தரையும் காலும் சந்திக்கும் இடத்தில் நடப்பதும் இதே கதை. ஈரத் தரையில் குதிகால் இறங்கும்போது நடுவில் மெல்லிய நீர்ப்படலம் சிக்கிக்கொள்கிறது. கல்லில் நுண்ணிய மேடுகள் இருந்தால் அவை படலத்தைக் கிழித்துக்கொண்டு பாதத்தைத் தொடும். இல்லாவிட்டால் கால் தண்ணீரின் மேலேயே போய்விடும்.

ஆத்தங்குடிக் கல்லுக்கு இந்த மேடுகள் கிடையாது, அதற்குக் காரணம் அதன் தயாரிப்பிலேயே இருக்கிறது. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, வண்ணச் சிமென்ட் கலவையை ஊற்றி, பின்னால் மணலும் சிமென்டும் நிரப்பி எடுக்கிறார்கள். நாம் மிதிக்கும் முகம் அந்தக் கண்ணாடியின் அச்சு. அதன்மேல் பல ஆண்டு துடைப்பும், பளபளப்புக்காகத் தேய்க்கும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்துகொள்கின்றன. கல்லின் அழகும் வழுக்கலும் ஒரே இடத்திலிருந்து வருபவை என்பதால், அழகைக் கெடுக்காமல் ஆளைக் காப்பாற்ற எங்கே ஈரம் படுகிறது என்று தெரிந்தாக வேண்டும்.

இந்த நுண்மேட்டின் உயரத்தை ஆர்இசட் என்ற அளவால் மைக்ரானில் சொல்கிறார்கள். சுத்தமான தண்ணீர் மட்டும் சிந்தும் இடத்துக்குக் குறைந்தது 20 மைக்ரான் வேண்டும். சோப்புத் தண்ணீருக்கும் பாலுக்கும் 45, குழம்புச் சாறு போன்றவற்றுக்கு 60, சமையல் எண்ணெய்க்கு 70 என்று பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான எச்எஸ்இ வழிகாட்டுகிறது. திரவம் கெட்டியாக ஆக, அதைக் கிழிக்க மேடும் உயரமாக வேண்டும். கையடக்கக் கருவியில் ஊசி ஒன்று தரையில் ஊர்ந்து இந்த அளவைத் தரும். ஒரு தளத்தில் 10 இடங்களில் எடுத்துச் சராசரி பாருங்கள். இந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது. அடுத்து வரும் சோதனைக்கு இது துணை.

பெண்டுலம் கருவி

நடக்கும் இடத்திலேயே வைத்துச் சோதிக்க நம்பகமானது பெண்டுலம் கருவி. ஊசல்போல ஆடும் அதன் கை மேலிருந்து விழுந்து, அதன் நுனியில் உள்ள 76 மி.மீ. அகல ரப்பர் தரையை உரசிக்கொண்டு மறுபுறம் ஏறும். தரை எவ்வளவு பிடித்ததோ அந்த அளவுக்குக் கை குறைவாக ஏறும், முள் அந்த இடத்தில் நிற்கும். அந்த எண்தான் பிடிவி. குதிகால் தரையில் இறங்கி வழுக்கும் கணத்தை ஒத்த வேகத்தில் ரப்பர் உரசுவதால்தான் இதற்கு இவ்வளவு மதிப்பு. செய்முறை ஈஎன் 16165 என்ற 2021ஆம் ஆண்டு ஐரோப்பியத் தரநிலையில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் புதிய தளத்துக்கு ஏஎஸ் 4586, போட்டு முடித்த தளத்துக்கு ஏஎஸ் 4663.

கடைக்காரர் காட்டும் ஆர் 9, ஆர் 10 என்ற குறிகள் வேறு சோதனையில் வருபவை. சாய்தளத்தில் எண்ணெய் ஊற்றி, பாதுகாப்புக் காலணி போட்டவர் நடந்து பார்க்கும் ஆய்வகச் சோதனை அது. பத்துக்கு ஒன்பது மதிப்பெண் என்று பலர் ஆர் 9ஐப் புரிந்துகொள்கிறார்கள். அந்த அளவுகோல் தொடங்குவதே 9இல்தான். 6 டிகிரிச் சாய்விலிருந்து 10 டிகிரி வரை நின்றாலே ஆர் 9 கிடைத்துவிடும், ஆர் 13க்கு 35 டிகிரிக்கு மேல் நிற்க வேண்டும். ஈரமான குளியலறைக்கு ஆர் 9 ஓட்டை நம்பி வாங்காதீர்கள். வெறுங்காலுக்கென்று சோப்புத் தண்ணீரில் செய்யும் ஏ, பி, சி வகைப்பாடு தனியாக உண்டு, 12, 18, 24 டிகிரி என்பவை அதன் எல்லைகள். எந்தக் குறியானாலும் அது பெட்டி பிரிக்காத ஓட்டின் குணம். உங்கள் தரையின் இன்றைய நிலையை அது சொல்லாது.

எடைக்கட்டையை வைத்து இழுத்துப் பார்க்கும் எளிய கருவிகளை ஈரத் தரையில் பயன்படுத்த வேண்டாம். நின்ற இடத்தில் ரப்பர் ஒட்டிக்கொள்வதால் வழுக்கும் தரைக்கும் நல்ல எண் காட்டும். கால் கட்டைவிரலால் தேய்த்துப் பார்ப்பதும் அப்படித்தான்.

எந்த ரப்பர்

இரண்டு ரப்பர்கள் உண்டு. கடினமான 96, செருப்பு, ஷூ போட்ட காலுக்கு. மென்மையான 55, வெறுங்காலுக்கு. பெயரில் உள்ள எண் ரப்பரின் கடினத்தன்மையைக் குறிக்கிறது. வெளிநாட்டு அறிக்கை மாதிரிகளைப் பார்த்துப் பழகியவர்கள் எங்கும் 96ஐயே மாட்டிவிடுகிறார்கள். நம் வீடுகளில் முகப்பிலேயே செருப்பு கழன்றுவிடும். வளவு, பட்டாலை, இரண்டாங்கட்டு, கோயில் பிராகாரம், ஊருணிப் படி எல்லாம் வெறுங்காலுக்கு உரியவை, அங்கே 55தான் முதன்மை. விருந்தினர் செருப்போடு வரும் முகப்பு, வரவேற்பறை, மண்டபத்து நடை ஆகிய இடங்களில் 96. இரண்டு வகைக் காலும் நடமாடும் இடமானால் இரண்டையும் மாட்டிச் சோதித்து, குறைந்த எண்ணை வைத்து முடிவு செய்யுங்கள்.

இடம் தேர்வது

வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து, ஈரம் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு தூரம் காலோடு போகிறது என்று பாருங்கள். கிணற்றடியிலிருந்து அடுப்படிக்குள் வரும் ஈரக் காலடி எத்தனையாவது கல்லில் மறைகிறதோ அதுவரை ஈரத்தரைதான். வளவின் நாலு பக்கத் தாழ்வாரத்தில் சாரல் எட்டும் எல்லையை மழை நாளில் சாக்பீஸால் குறித்துவைப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் கோடு நீங்கள் நினைத்ததைவிட உள்ளே இருக்கும்.

ஒவ்வொரு வகைத் தளத்திலும் குறைந்தது 3 இடம் எடுங்கள். அதில் ஒன்று ஆள் அதிகம் நடந்து தேய்ந்த தடமாக இருக்க வேண்டும், இன்னொன்று தூண் ஓரம் போலத் தேயாத இடமாக இருக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், இந்தத் தரை இன்னும் சில ஆண்டில் எங்கே போகும் என்று காட்டிவிடும். ரப்பர் உரசும் நீளம் ஒரே கல்லுக்குள் விழ வேண்டும், இணைப்பின் மேல் ஏறினால் கை துள்ளி எண் கெடும். 10 அங்குல ஆத்தங்குடிக் கல்லின் நடுவில் இதற்குத் தாராளமாக இடமிருக்கும்.

முற்றத்தில் செய்வதென்றால் காலை 9 மணிக்குள் முடித்துவிடுங்கள். சோதனையை 5 முதல் 40 டிகிரிக்குள் செய்ய வேண்டும். சித்திரை வெயிலில் கால் வைக்க முடியாத கல்லில் ரப்பரின் குணமே மாறிவிடும். காற்று வீசினால் சுற்றி ஒரு மறைப்புக் கட்டுங்கள்.

கருவியைத் தயார் செய்வது

கருவியை வைத்து, மூன்று திருகுகளாலும் ரசமட்டம் நடுவுக்கு வரும்வரை சரிசெய்யுங்கள். கருவியின் தலையை உயர்த்தி, ரப்பர் தரையைத் தொடாதபடி அதன் கையை விடுங்கள். முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும், தொடர்ந்து 3 முறை நிற்க வேண்டும். நிற்காவிட்டால் முள்ளின் உராய்வு வளையத்தைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். இங்கே 2 எண் தவறினால் கடைசி முடிவும் அதே 2 எண் தவறும். 35க்கும் 37க்கும் நடுவில் ஒரு தரையின் தலையெழுத்தே மாறும் என்பதால் இதில் பொறுமை வேண்டும்.

அடுத்து ரப்பர். பி 400 உப்புத்தாளில் காய்ந்தபடியே சில வீச்சு, பிறகு 3 மைக்ரான் லாப்பிங் ஃபிலிமில் (மிக நுண்ணிய மெருகுத் தாள்) ஈரமாக 20 வீச்சு விட்டு முனையைப் பதப்படுத்த வேண்டும். உப்புத்தாளோடு நிறுத்திவிட்டால் ரப்பரின் முகம் சொரசொரப்பாகவே இருந்து, வழவழப்பான கல்லுக்கு உண்மையைவிடக் கூடுதல் எண் காட்டும். ஆத்தங்குடிக் கல்லிலும் பளிங்கிலும் இந்தத் தவறுதான் பெரிய ஏமாற்று. பதம் சரியா என்று பார்க்க ஒரு சாதாரணக் கண்ணாடித் தகடு கையில் இருக்கட்டும். நனைத்த கண்ணாடியில் மிகச் சிறிய எண்தான் வர வேண்டும், 20க்குப் பக்கத்தில் வந்தால் ரப்பரையோ கருவியையோ சந்தேகியுங்கள்.

உரசும் நீளம் 125இலிருந்து 127 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். கருவியின் கையை உங்கள் கையாலேயே மெதுவாக நகர்த்தி, ரப்பர் தொடும் புள்ளியையும் விடும் புள்ளியையும் கருவியோடு வரும் அளவுக் கோலில் பாருங்கள். தலையை ஒரு இழை இறக்கினாலும் நீளம் கூடி எண் ஏறும்.

வீச்சு

தரையையும் ரப்பரையும் நன்றாக நனையுங்கள். உப்புக்கரிக்கும் போர்த் தண்ணீர் வேண்டாம், கேன் தண்ணீர் போதும். ஒரு தெளிப்பான் புட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீச்சுக்கு முன்னும் மறுபடி தெளிக்க வேண்டும். பொத்தானை அழுத்திக் கையை விடுங்கள். திரும்பி வரும்போது ரப்பர் தரையைத் தொடுமுன் இடக்கையால் பிடித்துவிடுங்கள். எண்ணைப் படியுங்கள். ரப்பரைத் தூக்கிப் பிடித்தபடியே கையைப் பழைய இடத்தில் மாட்டுங்கள், தரையில் இழுத்துக்கொண்டு போனால் முனை தேயும்.

இப்படி 8 வீச்சு. முதல் 3ஐத் தள்ளிவிட்டு மற்ற 5இன் சராசரியை எடுக்க வேண்டும். உதாரணத்துக்கு 31, 29, 28, 27, 27, 28, 27, 27 என்று வந்தால் கணக்கில் சேர்வது 27, 27, 28, 27, 27. கூட்டினால் 136, சராசரி 27. முதல் சில எண்கள் உயர்ந்திருப்பது வழக்கம். ரப்பரும் தரையும் முழுதாக நனைந்து நிலைக்கு வருவதற்குத்தான் அந்த மூன்றும். 5 எண்களும் தொடர்ந்து இறங்கிக்கொண்டே போனால் மேலே ஏதோ பூச்சு கரைகிறது அல்லது ரப்பர் தேய்கிறது என்று பொருள், நிறுத்திவிட்டுக் காரணம் தேடுங்கள்.

அதே இடத்தில் 45 டிகிரி, 90 டிகிரி திருப்பி மறுபடியும் செய்யுங்கள். கொத்திய கருங்கல்லில் ஒரு திசை நன்றாகப் பிடிக்கும், மறு திசை விட்டுவிடும். குறைந்த எண் வந்த திசையில் மக்கள் நடக்கிறார்களா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். கருவியில் இரண்டு அளவுகோல் இருக்கும். 76 மி.மீ. ரப்பருக்குச் சி அளவுகோலைத்தான் படிக்க வேண்டும், அவசரத்தில் மற்றதைப் படித்துவிடுவது புதியவர்களிடம் அடிக்கடி நடக்கிறது.

எண் என்ன சொல்கிறது

24ம் அதற்குக் கீழும் வழுக்கும் அபாயம் அதிகம். 25 முதல் 35 வரை நடுத்தரம். 36ம் அதற்கு மேலும் குறைவு. மட்டமான தரையில் நேராக நடக்கும் ஒருவருக்கு 36இல் வழுக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று என்று கணக்கிட்டிருக்கிறார்கள், 24இல் அது இருபதில் ஒன்று. பன்னிரண்டு எண் இறங்குவதற்குள் இவ்வளவு தூரம். தண்ணீர்க்குடத்தோடு திரும்புபவர், ஓடும் குழந்தை, கோல் ஊன்றும் ஆச்சி ஆகியோருக்கு இதைவிடக் கூடுதல் பிடிமானம் வேண்டும்.

சாய்வுக்குத் தனிக் கணக்கு. ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 1.75 கூட்டுங்கள். சக்கர நாற்காலிக்கான 12க்கு 1 சாய்தளம் 4.8 டிகிரி வரும், எனவே 36 போதாது, 44 வேண்டும். முற்றத்துத் தண்ணீர் ஓடக் கொத்தனார் வைத்த சிறு வாட்டத்துக்கு ஓரிரு எண் கூட்டினால் போதும்.

சட்டப் பக்கம் சுருக்கமாக. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், அதையொட்டி 2021இல் வந்த ஒருங்கிணைந்த அணுகல் வழிகாட்டு நெறிகளும் பொதுக் கட்டடங்களில் வழுக்காத தளத்தை வலியுறுத்துகின்றன. மேஸ்திரியோடும் ஓடு தருபவரோடும் போடும் ஒப்பந்தத்தில் "வழுக்காத ஓடு" என்று மட்டும் எழுதாமல், "பெண்டுலம், 55 ரப்பர், ஈரம், பதித்து முடித்த பின் 36க்குக் குறையாமல்" என்று எழுதுங்கள். பிறகு வாதம் வராது.

கல்லா, துடைப்பா?

குறைந்த எண் வந்தவுடன் தரையை உடைக்கச் சொல்லாதீர்கள். இருக்கிற நிலையில் ஒரு சோதனை முடிந்ததும், அதே இடத்தைக் காரமோ அமிலமோ இல்லாத சோப்பால் கழுவி, நல்ல தண்ணீரில் இருமுறை அலசி, மறுபடி சோதியுங்கள். 22 என்று இருந்தது 38 ஆனால் கல்லில் பிழையில்லை. பினாயில் அளவு மீறியது, அலசாமல் விட்ட சோப்பு, தேங்காய் எண்ணெய், கோலமாவு, சந்தனம் இவற்றில் ஒன்று படிந்திருக்கிறது. 22 என்பது 24 ஆனால் கல்லே வழவழப்பு.

மண்டபங்களில் பார்க்க வேண்டிய இன்னொன்று இரண்டு பந்திக்கு நடுவில் உள்ள பத்து நிமிடம். இலை எடுத்து, சிந்திய ரசத்தை ஈர மாப்பால் இழுத்தவுடன் அடுத்த பந்திக்கு ஆள் உள்ளே வருகிறது. நன்றாகப் பிழிந்த மாப் விட்டுப்போகும் படலமே வழவழப்பான தரையில் ஆளை வீழ்த்தப் போதும். மாப் இழுத்த உடனே ஒரு சோதனை எடுத்து அந்த எண்ணை மண்டபக்காரரிடம் காட்டுங்கள். இரண்டாவதாகக் காய்ந்த துணி போட ஓர் ஆள் வைப்பதா, பாதிக் கூடத்தைக் கயிறு கட்டி மறைப்பதா என்று அவரே முடிவெடுப்பார். அடுப்படியில் எண்ணெய் சிந்தினால் எந்தத் தரையும் தாங்காது. 70 மைக்ரான் சொரசொரப்புள்ள தளத்தைத் துடைத்து மாளாது. அங்கே எண்ணெய்ச் சட்டி நகரும் வழியைக் குறைப்பதுதான் வைத்தியம்.

சரிசெய்யும்போது கெடுப்பது

ஆத்தங்குடிக் கல்லில் அமிலம் படவே கூடாது. வழுக்கலைப் போக்கும் என்று விற்கும் திரவங்களில் பல, கருங்கல்லுக்கும் செராமிக் ஓட்டுக்கும் ஆனவை. சிமென்டை அமிலம் தின்னும், வண்ணப் படலம் வெளிறிப் பூத்துவிடும். பளிங்குக்கும் இதே கதிதான். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கலந்த திரவமானால் தரைக்கு மட்டுமல்ல, தோலில் பட்டால் உயிருக்கே ஆபத்து. பூச்சு எதையும் உதிரியாக இருக்கும் ஒரு கல்லில் பூசி, காயவைத்து, ஒரு மாதம் வழக்கம்போலத் துடைத்து, பிறகு எண் எடுத்துப் பார்த்த பின்னரே வீட்டுத் தரைக்குக் கொண்டுபோங்கள்.

பழைய கல்லை அப்படியே விட்டு ஈரத்தைத் தடுப்பதுதான் பெரும்பாலும் சிறந்தது. வளவோரம் மூங்கில் தட்டி, எண்ணெய் தேய்ப்பை நிறுத்துதல், குளியலறையில் மட்டும் சொரசொரப்பான கல். மிதியடி போட்டால் அடியில் ரப்பர் உள்ளதாக இருக்கட்டும். வழவழப்பான தரையில் வெறும் கயிற்று மிதியடி தானே நழுவும்.

கருங்கல் படிக்கு வழி எளிது, அம்மி கொத்துவதுபோல முழு முகத்தையும் கொத்திவிடலாம். பாலிஷ் போட்ட படியில் ஓரமாக இரண்டு கோடு மட்டும் கீறிவிடுவது வழக்கமாகிவிட்டது. கோடுகளுக்கு நடுவே உள்ள கல் பழைய வழவழப்பிலேயே இருப்பதால் குதிகால் அங்கே நழுவும். ஊருணிப் படியில் முதல் எதிரி பாசி. கம்பித் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவிய பின் எடுத்த எண்ணையும், பாசியோடு எடுத்த எண்ணையும் தனித்தனியாக எழுதுங்கள்.

அறிக்கை

தேதி, நேரம், வெப்பநிலை, தளத்தின் வகை, இடத்தின் படம், காய்ந்ததா ஈரமா, எந்த ரப்பர், எந்தத் திசை, 8 வீச்சின் எண்களும் சராசரியும், கருவி கடைசியாக அளவுத்திருத்தம் செய்யப்பட்ட நாள். சராசரியை மட்டும் எழுதி எண்களை மறைத்த அறிக்கையை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கருவி ஆண்டுக்கு ஒருமுறை அளவுத்திருத்தத்துக்குப் போக வேண்டும். தரையை, புதிதாகப் போட்டவுடன் ஒருமுறை, துடைக்கும் மருந்தை மாற்றினால் ஒருமுறை, யாராவது விழுந்தால் அந்த இடத்தைக் கழுவுவதற்கு முன் ஒருமுறை சோதியுங்கள். வேலை முடிந்து கருவியைப் பெட்டியில் வைக்குமுன் பூஜ்யத்தையும் கண்ணாடித் தகட்டின் எண்ணையும் மறுபடி எடுங்கள். காலையில் எடுத்ததோடு அது பொருந்தாவிட்டால் அன்றைய எண்கள் எதையும் அறிக்கையில் சேர்க்காமல், மறுநாள் முதலிலிருந்து தொடங்குங்கள்.